ஆள் தப்பிக்கிறார், சட்டம் நிற்கிறது: ஸ்டார் ட்ரெக்கின் நீதிமன்றக் கதைகளை வரிசைப்படுத்தினால்

டேட்டாவைப் பற்றித் தமிழில் ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தாலே வழக்கு தொடங்கிவிடுகிறது. ‘அது வந்தது’ என்று எழுதுவதா, ‘அவர் வந்தார்’ என்று எழுதுவதா? டேட்டா ஓர் ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவில் செய்யப்பட்ட இயந்திரம். விண்கலத்தில் அதிகாரியாக வேலை பார்க்கிறார், வயலின் வாசிக்கிறார், நண்பர்களோடு சீட்டாட உட்காருகிறார். ஆங்கிலத்தில் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு இந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடலாம். தமிழில் வினைமுற்றே திணையைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் ‘வேலை பார்க்கிறார்’ என்று எழுதியபோதே என் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன்.

1989 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘த மெஷர் ஆஃப் எ மேன்’ என்ற எபிசோட் முழுக்க இந்தக் கேள்வியை வைத்தே நடக்கிறது. ஸ்டார் ட்ரெக்கின் சிறந்த நீதிமன்றக் கதை எது என்று கேட்டால் ரசிகர்களில் பெரும்பாலோர் அதைத்தான் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். ஏன் என்பதைச் சொல்ல, அடியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும்.

ஸ்டார் ட்ரெக் 1966-இல் தொடங்கி, இடையிடையே நின்று, வேறு வேறு பெயர்களில் இன்றுவரை தொடர்கிறது. பல கிரகங்கள் சேர்ந்த ஃபெடரேஷன் என்றொரு கூட்டமைப்பு, அதன் விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட், அந்தப் படையின் கப்பல்கள், கேப்டன்கள். ஏறக்குறைய எல்லாத் தொடரிலும் யாராவது ஒருவர் கூண்டில் ஏற்றப்படுகிறார். விண்வெளிப் பயணக் கதைக்கு இத்தனை நீதிமன்றம் எதற்கு என்று தோன்றலாம். காரணங்களில் ஒன்று பணம். புதுக் கிரகம் காட்ட செட் போட வேண்டும், வேற்றுக்கிரகவாசிக்கு முகப்பூச்சு போட வேண்டும், சண்டைக்கு மாதிரிக் கப்பல்களைப் படமெடுக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு ஓர் அறை, ஒரு மேஜை, நாலைந்து நல்ல நடிகர்கள் போதும். மிச்சத்தைப் பேச்சு பார்த்துக்கொள்ளும். எழுத்து மோசமாக இருந்தால் மறைத்துக்கொள்ள வேறெதுவும் இருக்காது என்பதால், எழுத்தாளரின் பலமும் பலவீனமும் இந்த எபிசோட்களில் பளிச்சென்று தெரியும்.

பணத்தால் பிறந்த நீதிமன்றத்துக்கு நேரடியான உதாரணம், 1966 நவம்பரில் இரண்டு பகுதிகளாக வந்த ‘த மெனாஜரி’. தொடரின் முதல் முன்னோட்டப் படத்தைத் தொலைக்காட்சி நிறுவனம் ஏற்காமல் போனதால், அது பெட்டியில் கிடந்தது. அதை வீணாக்காமல் இருக்க, கப்பலின் அதிகாரி ஸ்பாக் ராணுவ நீதிமன்றத்தில் நிற்பதாகவும் அந்தப் பழைய படமே சாட்சியமாகத் திரையில் ஓடுவதாகவும் ஒரு புதுக் கதை கட்டினார்கள். சாமர்த்தியமான வேலை, ஹியூகோ விருதும் வாங்கியது. ஆனால் வழக்கு என்று பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. நீதிபதிகளில் ஒருவரே கடைசியில் மாயத்தோற்றம் என்று தெரியவருகிறது. என் வரிசையில் அது கடைசி.

அதற்கு மேலே 1967 பிப்ரவரியில் வந்த ‘கோர்ட் மார்ஷல்’. கேப்டன் கிர்க் அவசரப்பட்டு ஒரு பொத்தானை அழுத்தியதால் ஃபின்னி என்ற அதிகாரி இறந்துபோனார் என்பது குற்றச்சாட்டு. கப்பலின் கணினிப் பதிவு கிர்க்குக்கு எதிராக இருக்கிறது. அவருக்கு வாதாட வரும் காக்லி, கணினியைத் தொடாமல் அறை நிறையப் புத்தகங்களோடு வாழும் வக்கீல். தன் கட்சிக்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்வது இயந்திரம் என்றால் அந்த இயந்திரத்தைக் குறுக்கு விசாரணை செய்ய வழி வேண்டும் என்று அவர் கேட்கும் இடம் இன்றைக்கும் பழசாகவில்லை. ஒரு மனிதனின் தலைவிதியை மென்பொருள் எடுத்துத்தந்த ஒரு பதிவு முடிவு செய்யும்போது, அந்தப் பதிவில் யார் கைவைத்தார்கள் என்று யார் கேட்பது? ஸ்பாக் கண்டுபிடிக்கும் விடையும் அழகு. அதே கணினியோடு சதுரங்கம் ஆடி ஐந்து முறை ஜெயிக்கிறார். ஆட்டத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான், அதனால் சமன் செய்ய முடியுமே தவிர ஜெயிக்க முடியாது. ஜெயித்தார் என்றால் நினைவகத்தை யாரோ கலைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் கதை கீழே விழுகிறது. ஃபின்னி உயிரோடுதான் ஒளிந்திருக்கிறார், கைகலப்பு நடக்கிறது, எல்லாம் சரியாகிவிடுகிறது. ஆனாலும் இந்த எபிசோடில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துவது விசாரணைக்குத் தலைமை ஏற்கும் கமடோர் ஸ்டோன். அந்த வேடத்தில் பெர்சி ரோட்ரிகஸ் என்ற கறுப்பின நடிகர். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, அவர் பாட்டுக்கு விசாரணையை நடத்துகிறார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக தர்குட் மார்ஷல் பதவியேற்றது அதே ஆண்டின் அக்டோபரில். தொலைக்காட்சி எட்டு மாதம் முந்திக்கொண்டது.

‘கோர்ட் மார்ஷல்’ கேட்பது ‘செய்தாரா, இல்லையா’ என்ற கேள்வி. அதைவிடக் கனமான கேள்வி, ‘இந்தச் சட்டம் சரியா’ என்பது. நான் கவனித்தவரை ஸ்டார் ட்ரெக் இந்த இரண்டாவது கேள்வியைத் துணிச்சலோடு எழுப்பும், பதில் சொல்லும் நேரம் வந்ததும் ஒரு சந்து வழியாக வெளியேறிவிடும். கூண்டில் நிற்பவர் விடுதலையாவார். நமக்குக் கண் கலங்கும். சட்டப் புத்தகத்தில் ஒரு வரியும் மாறியிருக்காது. என் வரிசைக்கு அளவுகோல் இதுதான்: அந்தச் சந்து இருப்பதை ஒரு கதை எவ்வளவு நேர்மையாக ஒத்துக்கொள்கிறது?

இந்த அளவுகோலை வைத்தால் நடுவில் வருபவை பெரும்பாலும் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் கதைகள். 1994-இல் வந்த ‘ட்ரிப்யூனல்’, கார்டாசியர்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தின் நீதிமன்றத்தைக் காட்டுகிறது. அங்கே தீர்ப்பும் தண்டனையும் விசாரணைக்கு முன்பே முடிவாகிவிடும். விசாரணை என்பது குற்றவாளி அழுது ஒப்புக்கொள்வதை நாடே பார்ப்பதற்கான நிகழ்ச்சி. கைதானதும் அடையாளப் பதிவுக்காக ஸ்டார்ஃப்ளீட்டைச் சேர்ந்த ஓ’பிரையனின் பல் ஒன்றைப் பிடுங்குகிறார்கள். அவருக்கு வாதாட வரும் கோவாட்டின் வேலை வழக்கை ஜெயிப்பது கிடையாது, கட்சிக்காரரை மனமுருகி ஒப்புக்கொள்ள வைப்பது. அந்த வேலையை முழு நம்பிக்கையோடு, பெருமையோடு செய்கிறார். கொடுங்கோன்மையைக் காட்டுகிறேன் என்று கத்தும் வில்லனைக் கொண்டுவராமல் இப்படியொரு கனிவான கிழவரைக் கொண்டுவந்தது எழுத்தாளரின் கெட்டிக்காரத்தனம். எதிர்பாராமல் ஓ’பிரையன் விடுதலையானதும் அதிர்ந்துபோகிறவரும் அவர்தான். குறை என்னவென்றால், இது அடுத்த வீட்டுச் சட்டத்தின் மீதான விமர்சனம். ஃபெடரேஷன் கைகட்டி நின்று முகம் சுளிப்பது சுலபம்.

1996-இல் வந்த ‘ரூல்ஸ் ஆஃப் என்கேஜ்மென்ட்’ அந்தச் சுலபத்தைக் கொஞ்சம் குலைக்கிறது. பொதுமக்கள் இருந்த கப்பலைச் சுட்டதாக ஸ்டார்ஃப்ளீட் அதிகாரி வார்ஃப் மீது வழக்கு. இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் அந்தக் கப்பலிலேயே இல்லை, எல்லாம் ஜோடனை என்று நிரூபணமாகி வழக்கு உடைந்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு சிஸ்கோ அவரைத் தனியாக உட்கார வைத்து, எதைச் சுடுகிறோம் என்று பார்க்காமலேயே சுட்டாய் அல்லவா என்று கேட்கிறார். நீதிமன்றம் விட்டதை மேலதிகாரி விடவில்லை. அந்தக் கடைசிக் காட்சிக்காகவே நான் இதை ‘ட்ரிப்யூனலு’க்கு மேல் வைக்கிறேன்.

அதே 1996-இல் ‘வாயேஜர்’ தொடரில் வந்த ‘டெத் விஷ்’, சாகும் உரிமை பற்றியது. சாவே இல்லாத ஓர் இனத்தில் பிறந்த ஒருவர், வாழ்ந்தது போதும் என்கிறார். அவரைச் சாகவிட அவருடைய இனம் தயாரில்லை. அவருக்கு அடைக்கலம் கொடுப்பதா என்று கேப்டன் ஜேன்வே தீர்ப்பளிக்க வேண்டும். அமெரிக்காவில் டாக்டர் ஜாக் கெவோர்கியான் வழக்குகள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அடைக்கலம் கிடைக்கிறது, அவர் இறந்துபோகிறார். தன் தீர்ப்பின் விளைவை நீதிபதியே எதிரில் நின்று பார்க்கும் கதை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நகைச்சுவைக்காகச் சேர்த்த பகுதிகள் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் மேலே போயிருக்கும்.

இனி முக்கியமானவை. 2023 ஜூனில் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொடரில் வந்த ‘அட் ஆஸ்ட்ரா பெர் ஆஸ்பெரா’ சமீப வருடங்களின் மிகச் சிறந்த ஸ்டார் ட்ரெக் கதைகளில் ஒன்று. ஊனா என்ற அதிகாரி இல்லிரியர் இனத்தவர். அந்த இனத்தார் தங்கள் மரபணுவை மாற்றியமைத்துக்கொள்கிறவர்கள். ஃபெடரேஷனில் அது தடைசெய்யப்பட்டது. பிறப்பை மறைத்துப் படையில் சேர்ந்ததுதான் அவர் செய்த குற்றம். அவருக்காக வாதாட வரும் நீரா, சிறுவயதுத் தோழி. ஊனாவின் குடும்பம் தங்களை மறைத்துக்கொண்டு நகரத்தின் நல்ல பகுதிக்குக் குடிபோனது, நீராவின் குடும்பம் மறைக்க முடியாமல் ஒதுக்குப்புறத்தில் மாட்டிக்கொண்டது. அந்தக் கசப்பு இருபத்தைந்து வருடமாக ஆறவில்லை. தோழிக்காக நான் வரவில்லை, இந்தச் சட்டத்தை உடைக்க வந்திருக்கிறேன் என்ற தோரணையில்தான் நீரா முதலில் நிற்கிறார்.

அவர் ஜெயிக்கிறார். ஆனால் எப்படி? ஊனா ஸ்டார்ஃப்ளீட்டில் அடைக்கலம் தேடி வந்தவர், அடைக்கலம் கொடுக்கும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு என்ற விதியைப் பிடித்து. அதாவது, சந்து வழி. ஊனா வேலைக்குத் திரும்புகிறார், மற்ற இல்லிரியர்களுக்கு எதிரான தடை அப்படியே இருக்கிறது. கதாசிரியர்களுக்கு வேறு வழியும் இல்லை. கதைக்காலத்தில் நூறாண்டுக்கும் பிறகு நடக்கும், ஆனால் 1997-லேயே ஒளிபரப்பாகிவிட்ட ‘டீப் ஸ்பேஸ் நைன்’ எபிசோடில், டாக்டர் பஷீர் மரபணு மாற்றப்பட்டவர் என்று தெரியவருகிறது. மகனின் வேலையைக் காப்பாற்ற அவருடைய தந்தை இரண்டு வருடச் சிறைக்குச் சம்மதிக்கிறார். எனவே ஊனாவின் வழக்கில் அந்தச் சட்டம் சாக முடியாது. எதிர்காலம் ஏற்கெனவே படமாக்கப்பட்டுவிட்டது. நீரா எவ்வளவு பிரமாதமாக வாதாடினாலும் தடை நீடிக்கும் என்று தெரிந்துகொண்டே பார்ப்பது ஒரு தனி வலி. கதை தன் வெற்றியைக் கொண்டாடும் அளவுக்கு அந்த வலியைப் பேசவில்லை என்பதே என் ஒரே குறை.

‘ஆதர், ஆதர்’ அதைப் பேசுகிறது. 2001-இல் வந்த வாயேஜர் எபிசோட். கப்பலின் மருத்துவர் ஒளியால் ஆன ஓர் உருவம், மென்பொருள். அவர் எழுதிய கதையை ஒரு பதிப்பாளர் அவர் சம்மதமில்லாமல் வெளியிடுகிறார். எழுதியவர் ‘நபர்’ அல்ல, ஆகவே உரிமை கோர முடியாது என்பது பதிப்பாளரின் வாதம். நடுவர் தீர்ப்பு சொல்கிறார்: இவரை நபர் என்று அறிவிக்க நான் தயாரில்லை, ஆனால் கலைஞர் என்ற சொல்லின் வரையறைக்குள் இவர் வருகிறார். மருத்துவருக்குக் கதை திரும்பக் கிடைக்கிறது. அதோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கடைசிக் காட்சியில் ஒரு சுரங்கம். இவரைப் போலவே முகம் கொண்ட, பழைய மாடல் என்று ஒதுக்கப்பட்ட மருத்துவ உருவங்கள் வரிசையாக நின்று கனிமத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒருவர் இன்னொருவரிடம் அந்தக் கதையைச் சிபாரிசு செய்கிறார். தீர்ப்பு யாரைத் தொடவில்லை என்று காமிரா நேராகப் போய்க் காட்டுகிறது. மொத்த எபிசோடும் அந்தத் தரத்தில் இருந்திருந்தால் முதலிடத்துக்கே போட்டியிட்டிருக்கும்.

மூன்றாவது இடம் 2003-இல் வந்த ‘ஜட்ஜ்மென்ட்’டுக்கு. ‘எண்டர்பிரைஸ்’ தொடரைப் பலர் மதிப்பதில்லை, இந்த எபிசோடையும் 1991-இல் வந்த ஆறாவது திரைப்படத்தின் நகல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் நீதிமன்றம், அதே பனிச்சிறை என்று வெளித்தோற்றம் ஒன்றுதான். ஆனால் கோலோஸ் இருக்கிறாரே! கேப்டன் ஆர்ச்சருக்கு ஒதுக்கப்பட்ட வயதான கிளிங்கான் வக்கீல். வாதாடுவதையே விட்டுவிட்டு, வழக்கு எப்படி முடியுமோ முடியட்டும் என்று இருப்பவர். கிளிங்கான் என்றாலே போர்வீரன் என்று ஆர்ச்சர் நினைப்பதைத் திருத்தி, என் அப்பா ஆசிரியர், அம்மா உயிரியல் அறிஞர், எங்கள் சமூகத்தில் மற்ற எல்லோரையும் தள்ளிவிட்டு வீரர்கள் மட்டும் மேலே வந்துவிட்டார்கள் என்கிறார். பிறகு எழுந்து நின்று உண்மையாகவே வாதாடுகிறார். ஆர்ச்சருக்கு மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைகிறது. அதிகம் பேசியதற்காகக் கோலோஸுக்கும் ஒரு வருடச் சிறை.

நண்பர்கள் ஆர்ச்சரை மீட்க வருகிறார்கள். நீங்களும் வாருங்கள் என்று கோலோஸை அழைக்கிறார் ஆர்ச்சர். கோலோஸ் மறுக்கிறார். தண்டனையை அனுபவித்துவிட்டுத் திரும்பிப் போனால்தான் நீதிமன்றத்தில் என் வார்த்தைக்கு மதிப்பிருக்கும் என்பது அவர் நினைப்பு. நான் தேடிக்கொண்டிருந்த ஆள் இவர்தான். சந்து திறந்திருக்கிறது, அதைப் பார்க்கிறார், போக மறுத்து உள்ளேயே உட்காருகிறார். அவர் ஜெயித்தாரா என்று தொடர் சொல்லவில்லை.

சரி, டேட்டாவிடம் திரும்புவோம். ‘த மெஷர் ஆஃப் எ மேன்’ கதையை எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வக்கீலாக இருந்து எழுத்துக்கு வந்தவர். யாரும் கேட்காமல் தானாக எழுதி அனுப்பிய கதை இது. மாடக்ஸ் என்ற விஞ்ஞானி டேட்டாவைப் பிரித்துப் பார்த்து, அதைப் போல ஆயிரக்கணக்கில் செய்ய நினைக்கிறார். டேட்டா மறுக்கிறார். மறுக்க டேட்டாவுக்கு உரிமை உண்டா, அல்லது கப்பலின் கணினியைப் போல ஸ்டார்ஃப்ளீட்டின் சொத்தா? 1857-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில், கறுப்பினத்தவர் குடிமகன் ஆக முடியாது, ஆகவே வழக்குப் போடவே அவருக்கு உரிமையில்லை என்று சொன்னது. ஸ்னாட்கிராஸுக்குத் தூண்டுதல் அந்த வழக்குதான்.

புது விண்தளம், ஆட்கள் இல்லை என்பதால் டேட்டாவின் நண்பர் ரைக்கரே எதிர்த்தரப்பில் வாதாட வேண்டும், மறுத்தால் டேட்டா சொத்து என்று உடனே தீர்ப்பாகிவிடும். நிஜ நீதிமன்றம் எதுவும் இப்படிச் செய்யாது. ஆனால் இந்தத் திருப்பம் இல்லாவிட்டால் ஒரு காட்சி நமக்குக் கிடைத்திருக்காது. ரைக்கர் தனியாக உட்கார்ந்து டேட்டாவின் வரைபடங்களைத் துழாவுகிறார். எதையோ கண்டுபிடித்ததும் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வருகிறது. அடுத்த கணமே, தான் என்ன கண்டுபிடித்தோம் என்பது உறைத்து அந்தச் சிரிப்பு செத்துப்போகிறது. வசனமே இல்லை. மறுநாள் நீதிமன்றத்தில் டேட்டாவின் முதுகுப் பக்கம் கைவைத்து அந்தப் பொத்தானை அழுத்துகிறார். டேட்டா மேஜைமேல் சாய்கிறார்.

டேட்டாவுக்காக வாதாடுபவர் கப்பலின் கேப்டன் பிக்கார்ட். அந்த அடியிலிருந்து அவர் மீள்வது கைனன் என்ற பெண் பேசியதால். எத்தனை டேட்டாக்களைச் செய்வார்கள், அவர்களை என்ன வேலைக்கு அனுப்புவார்கள், அப்படி வேலைக்கென்றே வைத்துக்கொள்ளும் மனிதர்களுக்கு வரலாற்றில் என்ன பெயர் என்று அவர் மெதுவாகக் கேட்டுக்கொண்டே போக, அடிமைத்தனம் என்ற சொல்லை பிக்கார்டே சொல்ல வேண்டியதாகிறது. கைனனாக நடித்தவர் கறுப்பின நடிகை ஊப்பி கோல்ட்பெர்க். அந்தக் கேள்விகளை வேறு யார் கேட்டிருந்தாலும் இந்தக் கனம் வந்திருக்காது.

தீர்ப்பைக் கவனமாகக் கேட்டால்தான் இது ஏன் இரண்டாமிடம் என்பது புரியும். டேட்டாவுக்கு ஆன்மா உண்டா, தெரியாது, எனக்கே உண்டா என்று தெரியாது என்கிறார் நீதிபதி லூவா. அதைத் தேடிக்கொள்ளும் சுதந்திரம் டேட்டாவுக்கு உண்டு, எனவே அவர் மறுக்கலாம். நேர்மையான, அழகான தீர்ப்பு. ஆனால் மிகக் குறுகலானது. இது டேட்டாவுக்கு மட்டும். பன்னிரண்டு வருடம் கழித்து வாயேஜரின் மருத்துவர் அதே வாசலில் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டியிருந்ததும், அந்தச் சுரங்கம் நிரம்பியதும் இதனால்தான். நீதிமன்றம் கலையும் நேரத்தில் மாடக்ஸ் டேட்டாவை வியந்து ‘அவர்’ என்று சொல்லிவிடுகிறார். இந்த முறை ‘அது’ என்று சொல்லவில்லையே என்று லூவா கவனிக்கிறார். மாறியது அந்த ஒரு சொல். அதைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மேல் எதுவும் மாறவில்லை என்பதைக் கதை கவனிக்கவில்லை.

முதலிடத்தில் நான் வைக்கும் கதையில் நீதிமன்றமே கிடையாது. 1991 ஏப்ரலில் வந்த ‘த ட்ரம்ஹெட்’. போர்க்களத்தில் முரசைக் கவிழ்த்து மேஜையாக்கி அவசர அவசரமாக நடத்தும் ராணுவ விசாரணைக்கு அந்தப் பெயர். ஜெரி டெய்லர் எழுதினார், ரைக்கராக நடிக்கும் ஜொனாதன் ஃப்ரேக்ஸ் இயக்கினார். இதுவும் செலவைக் குறைப்பதற்காக ஓர் அறைக்குள் எடுத்த எபிசோட்தான்.

கப்பலில் ஒரு வெடிப்பு. ஓர் உளவாளி உண்மையிலேயே பிடிபடுகிறான். அதனால் சந்தேகம் காரணமில்லாமல் பிறக்கவில்லை. விசாரிக்க வரும் அட்மிரல் சேட்டி மரியாதைக்குரியவர், புத்திசாலி. ஜீன் சிம்மன்ஸ் அந்த வேடத்தில் முதல் பாதியில் நம்மையே வசப்படுத்திவிடுகிறார். வெடிப்பு வெறும் விபத்து, உதிரிபாகக் கோளாறு என்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. விசாரணை நிற்கவில்லை. மருத்துவப் பிரிவின் கடைநிலைப் பணியாளன் சைமன் டார்சஸ் பக்கம் அது திரும்புகிறது. அவனுடைய தாத்தா வல்கன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தான், நிஜத்தில் அவர் எதிரி இனமான ரோமுலன். அவன் பொய் சொன்னது உண்மை. வெடிப்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் கூட்டம் நிறைந்த அறையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்ததும் எல்லோர் கண்ணிலும் அவன் குற்றவாளி. 1950-களில் கம்யூனிஸ்டுகளைத் தேடி நடந்த மக்கார்த்தி காலத்து விசாரணைகளில் பதில் சொல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பது அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு உடனே நினைவுக்கு வந்திருக்கும்.

இங்கே எந்தச் சட்டமும் கெட்டதாக இல்லை. பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் மனம்தான் அறையில் நிறைந்திருக்கிறது. அந்த மனம் நல்லவர்களிடமும் இருக்கிறது. நமக்குப் பிடித்த வார்ஃப்தான் டார்சஸைத் துரத்துவதில் முன்னால் நிற்கிறார், தன் கடமை என்று முழுமனதாக நம்பிக்கொண்டு. கடைசியில் சேட்டி பிக்கார்டையே விசாரிக்கிறார். பிக்கார்ட் பதிலுக்குச் சேட்டியின் தந்தை, பெரிய நீதிபதி, முன்பு எழுதிய வாசகத்தைச் சொல்கிறார்: ஒருவரின் பேச்சை முதல்முறை தடுக்கும்போதே நம் எல்லோருக்குமான சங்கிலியின் முதல் கண்ணி செய்யப்பட்டுவிடுகிறது என்ற பொருளில். சேட்டி கொதித்துப்போய்க் கத்துகிறார். பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு அட்மிரல் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போகிறார். தீர்ப்பு என்று எதுவும் வாசிக்கப்படவில்லை. கதவு மூடுகிற சத்தத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

மற்றக் கதைகள் ஆளைக் காப்பாற்றிச் சட்டத்தை விட்டுவிடுகின்றன என்றேன். இந்தக் கதை ஆளைக்கூடக் காப்பாற்றுவதில்லை. பிக்கார்டுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைக்கிறது, வார்ஃபுக்குத் தன் தவறு புரிகிறது. டார்சஸ்? விண்ணப்பத்தில் பொய் எழுதியது எழுதியதுதான். அவன் வேலை இருந்ததா, போனதா என்று கடைசிக் காட்சியில் யாரும் பேசுவதில்லை. அதற்குப் பிறகு அந்தத் தொடரில் அவனை நாம் பார்ப்பதும் இல்லை.